சீனாவில் வேலைப் பயணம்: எப்போது விமானம், எப்போது ரயில்

சீனாவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது வீடு, சாப்பாடு, இங்கே தடை செய்த இணையதளங்களைத் திறக்க உதவும் வி.பி.என். இந்த மூன்றுக்கும் வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊர் ஊராக அலைய வேண்டியிருக்குமே, அதைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு. ஆனால் இங்கே பாதி வேலை பயணத்தில்தான் கழிகிறது. நான் ஷாங்காயில் இருக்கிறேன். ஜவுளி மெஷின்களைத் தரம் பார்த்து இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் அனுப்புகிற வேலை. சர்க்குலர் நிட்டிங் மெஷினுக்கு ஷியாமென், சுவான்சோ. தையல் மெஷினுக்குத் தாய்சோ. ஃபிளாட் நிட்டிங்குக்கு நிங்போ. கன்ட்ரோல் போர்டுக்கு ஷென்சென். பெட்டியை முழுதாகப் பிரித்து வைக்காமலே அடுத்த ஊருக்குக் கிளம்பிய வாரங்கள் உண்டு.

இத்தனை வருடம் அலைந்ததில் எனக்குத் திடமாகத் தெரிந்த விஷயம், இந்த நாட்டில் டிக்கெட்டில் போட்டிருக்கும் பறக்கும் நேரத்தை வைத்து வேலையைத் திட்டமிடக் கூடாது என்பதுதான். இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று டிக்கெட் சொல்லும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் தரையில் நடப்பவைதான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனால் நல்ல திறமைசாலிகள்கூட மீட்டிங்கைத் தவறவிட்டு, தூக்கம் கெட்டு, முதல் ஆறு மாதத்திலேயே சலித்துப் போகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஷென்சென் பாவான் விமான நிலையத்தில் ஜூலை மாதத்து மாலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நாலு மணிக்கு வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். ஐந்து மணிக்கு வானம் கறுத்து இடி இறங்கும். தகவல் பலகையில் ஒவ்வொரு வரியாகத் தாமதம் என்று மாறிக்கொண்டே வரும். கேட்டில் நிற்கும் பெண் மைக்கை எடுத்து 'லியூலியாங் கோங்ஜி' என்பார். வான்வழி நெரிசல் கட்டுப்பாடு என்று அர்த்தம். உள்ளூர்க்காரர்கள் யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். கப் நூடுல்ஸைப் பிரித்து வெந்நீர் மெஷின் முன்னால் வரிசை கட்டுவார்கள். மூடிமேல் ஃபோனை வைத்து நீராவி போகாமல் அமுக்கிக்கொண்டு மூன்று நிமிடம் காத்திருப்பார்கள். ஆறு மணிக்கு மழை விட்டு வானம் தெளிந்துவிடும். விமானமும் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும். அப்படியும் கிளம்பாது.

"அதான் வானம் தெளிஞ்சிருச்சே அண்ணே, இன்னும் ஏன் எடுக்க மாட்டேங்கறாங்க?" என்று அங்கே என்னோடு உட்கார்ந்திருந்த சேலத்துத் தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஷென்செனில் மழை நின்றது போதாது தம்பி, ஷாங்காய் வரைக்கும் வழி திறக்கணும் என்றேன். விஷயம் இதுதான்: சீனாவின் வான்வெளியில் பெரும்பகுதி ராணுவத்தின் கையில் இருக்கிறது. பயணிகள் விமானங்களுக்கு விட்டிருப்பது குறுகலான பாதைகள். மற்ற நாடுகளில் வழியில் இடிமேகம் நின்றால் விமானி கொஞ்சம் வளைத்து ஓட்டிப் போய்விடுவார். இங்கே அப்படி இஷ்டத்துக்கு வளைக்க முடியாது. இரண்டு பக்கமும் மதில் உள்ள சந்தில் நடுவே ஒரு லாரி நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் நிற்பதுபோல, நடுவழியில் ஒரு மேகக் கூட்டம் நின்றால் தெற்கே குவாங்சோ, ஷென்சென் தொடங்கி வடக்கே ஷாங்காய் வரை விமானங்கள் தரையிலேயே காத்திருக்கும். மழை நின்ற பிறகும் அந்த வரிசை கரைவதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

ராணுவப் பயிற்சி நடந்தாலும் இதே கதைதான். 2014 ஜூலை, ஆகஸ்டில் அப்படி ஒரு பெரிய பயிற்சி நடந்தபோது, ஷாங்காய் உட்படக் கிழக்குப் பக்க விமான நிலையங்கள் பலவற்றில் விமானங்களையே குறைக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இப்போது நிலைமை நிறையவே தேவலாம். 2015இல் சரியான நேரத்துக்குப் போன விமானங்கள் நூற்றுக்கு 68 அளவில் இருந்தன. 2018இல் அது 80ஐத் தாண்டியது. ஆனாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாலை விமானத்தை நம்பி மறுநாள் காலை முக்கியமான வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

காலையில் முதல் விமானம்தான் நல்லது. காரணம் எளிமையானது. ஒரே விமானம் ஒரு நாளில் நாலைந்து ஊர் போய் வரும். காலையில் அது முந்தின இரவே வந்து நம் ஊரில் நிற்கிறது. மாலைக்குள் முன் நடைகளில் பட்ட தாமதம் எல்லாம் சேர்ந்துகொள்கிறது. இரவு கடைசி விமானத்துக்குத் தாமதம் மட்டுமல்ல, மொத்தமாகவே ரத்தாகும் ஆபத்தும் உண்டு. பதினொரு மணி வாக்கில் மெட்ரோவும் நின்றுவிடும். டாக்சி வரிசை பாம்பாக நீளும். வேலை முடிந்ததும் ஃபேக்டரிக்காரர்கள் சாப்பிடாமல் விட மாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். அவர்களுடைய விருந்து ஐந்தரை, ஆறு மணிக்கே தொடங்கிவிடும். பாதியில் எழுந்தால் மனம் சங்கடப்படுவார்கள். நான் அந்த இரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் முதல் விமானத்தில் திரும்புவேன். ஓட்டல் வாடகை கம்பெனிக்கு ஒரு செலவு என்பது உண்மைதான். ஆனால் நடு ராத்திரி ரத்தாகும் விமானம் அதைவிடப் பெரிய செலவு. மேலாளரிடம் இதை முதல் மாதமே பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள்.

'வேரிஃப்ளைட்' என்ற செயலியைச் சீனர்கள் 'ஃபெய் சாங் சுன்' என்பார்கள். அதை ஃபோனில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் விமானம் இப்போது எந்த ஊரில் நிற்கிறது, முந்தைய நடை கிளம்பிவிட்டதா என்று காட்டும். வந்து சேர வேண்டிய விமானம் இன்னும் குன்மிங்கிலேயே நிற்கிறது என்றால், கேட்டில் என்ன அறிவித்தாலும் நீங்கள் நிதானமாகச் சாப்பிடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. தாமதம் என்று போட்டிருந்தாலும் செக்-இன் முடியும் நேரம் மாறாது. உள்நாட்டு விமானத்துக்குப் பெரிய நிலையங்களில் பொதுவாக 45 நிமிடத்துக்கு முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். தாமதம்தானே என்று மெதுவாகப் போகாதீர்கள்.

தாமதமானால் நமக்கு என்ன உரிமை என்று நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. 2017 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விதி இருக்கிறது. கிளம்பும் ஊரில் விமானத்தின் கோளாறு, பணியாளர் பற்றாக்குறை மாதிரி கம்பெனியின் பக்கம் காரணம் இருந்தால் சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. வானிலை, வான்வழிக் கட்டுப்பாடு என்றால் நம் செலவு. நெரிசல் கட்டுப்பாடு என்று அறிவித்துவிட்டால் கவுன்டரில் கத்திப் பயனில்லை என்பதற்கு இதுதான் காரணம். ஆனால் வழியில் வேறு ஊரில் இறக்கிவிட்டார்கள் என்றால் காரணம் எதுவாக இருந்தாலும் சாப்பாடும் அறையும் அவர்கள் தர வேண்டும். ஏறி உட்கார்ந்து கதவை மூடிய பிறகு காத்திருப்பது இங்கே சகஜம். கதவை மூடித் தயார் என்று சொன்னால்தான் வரிசையில் இடம் கிடைக்கும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். அந்தக் காத்திருப்பு இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் தண்ணீரும் உணவும் தர வேண்டும். மூன்று மணி நேரத்தைத் தாண்டியும் கிளம்பும் நேரம் தெரியவில்லை என்றால், பாதுகாப்புக்குப் பிரச்சினை இல்லாதபட்சத்தில் பயணிகளை இறக்கிவிட ஏற்பாடு செய்ய வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு அமைதியாகக் கேட்டால் நடக்கிறது. அப்புறம், தாமதச் சான்றிதழ் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விமானக் கம்பெனியின் செயலியிலேயே பெரும்பாலும் கிடைக்கும். இன்சூரன்சுக்கும் ஆபீஸ் கணக்குக்கும் அது வேண்டும்.

இனி ரயில். என் கணக்கு இது: அதிவேக ரயில் ஐந்து மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும் ஊருக்கு நான் விமானம் ஏறுவதில்லை. ஷாங்காயிலிருந்து ஹாங்சோ, நான்ஜிங், நிங்போ, தாய்சோ எல்லாம் யோசிக்கவே வேண்டாத ரயில் ஊர்கள். வூஹான்கூட அப்படித்தான். பெய்ஜிங்கைப் பற்றித்தான் எல்லாரும் வாதிடுவார்கள். 1,318 கிலோமீட்டர், 2011 ஜூன் கடைசியில் திறந்த பாதை, மணிக்கு 350 கிலோமீட்டரில் ஓடும் வண்டி வேகமானது என்றால் நாலரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. விமானம் பறப்பது இரண்டேகால் மணி நேரம். அதோடு வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி, அங்கே ஒன்றரை மணி, இறங்கி ஊருக்குள் போக ஒரு மணி என்று கூட்டிப் பாருங்கள். விமானம் மிச்சப்படுத்துவதாக நினைத்த நேரம் காணாமல் போய்விடும். ரயிலில் ஃபோன் பேசலாம், லேப்டாப்பைச் சார்ஜில் போட்டு ரிப்போர்ட் எழுதலாம், திருப்பூரிலிருந்து வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லலாம். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால் இருப்பதால் நம் மதிய ரயில்தான் அவர்களுக்குச் சுறுசுறுப்பான காலைப்பொழுது. பெய்ஜிங் தெற்கு நிலையத்தில் இறங்கும்போது என் அன்றைய வேலையில் பாதி முடிந்திருக்கும்.

டிக்கெட்டை '12306' என்ற ரயில்வே செயலியிலேயே வாங்கலாம். பாஸ்போர்ட் எண்ணைப் பதிந்து ஒருமுறை சரிபார்ப்பு முடித்துவிட்டால் போதும், இடைத்தரகர் தேவையில்லை. பயணத்துக்கு 15 நாள் முன்னால் விற்பனை திறக்கும். காகித டிக்கெட் இல்லை, பாஸ்போர்ட்தான் டிக்கெட். ஆனால் தானியங்கிக் கதவுகள் பல நிலையங்களில் சீன அடையாள அட்டையைத்தான் படிக்கின்றன. நாம் ஓரத்தில் ஆள் நிற்கும் வழிக்குப் போக வேண்டும். அங்கே 'ரென்கோங்' என்று எழுதியிருக்கும். கூட்ட நாளில் அந்த ஒரு வழியில் மட்டும் நீண்ட வரிசை நிற்கும் என்பதால் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி புறப்படுவதற்குச் சில நிமிடம் முன்பே கதவை அடைத்துவிடுவார்கள்; கண்ணெதிரே வண்டி நின்றாலும் விட மாட்டார்கள்.

ஷியாமென், குவாங்சோ, ஷென்சென், செங்டு எல்லாம் விமானத்துக்கான ஊர்கள். குறிப்பாக ஷியாமென் எனக்குப் பிடித்த விமான நிலையம். காவ்சி நிலையம் தீவுக்குள்ளேயே, ஊரை ஒட்டி இருக்கிறது. இறங்கி அரை மணி நேரத்தில் ஓட்டலில் இருப்பீர்கள். ரயிலில் ஷாங்காயிலிருந்து பெரும்பாலான வண்டிகளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். புயல் காலத்தில் மட்டும் கவனம். தைவான் பக்கம் புயல் கிளம்பிவிட்டது என்றால் ஃபூஜியான் கடற்கரையில் விமானமும் நிற்கும், ரயிலும் நிற்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் அங்கே வேலை இருந்தால் புயல் செய்தியைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முன்னதாகவே திரும்புவது மேல்.

டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காமல் விமான நிலையத்தின் பெயரையும் பாருங்கள். ஷாங்காயில் இரண்டு: கடலோரத்தில் புடோங், ஊருக்குள்ளே ஹோங்சியாவ். முன்பெல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெட்ரோவில் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2024 டிசம்பர் கடைசியில் இரண்டையும் இணைக்கும் தனி ரயில் வந்தது. இப்போது நாற்பது நிமிடம் போதும். வெளிநாட்டிலிருந்து புடோங்கில் இறங்கி ஹோங்சியாவில் ரயிலோ விமானமோ பிடிக்கிறவர்களுக்கு இது பெரிய வரம். ஹோங்சியாவ் டெர்மினல் 2க்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே நடந்தே போய்விடலாம். புடோங்கில் ஒன்று கவனிக்க வேண்டும். 2019இல் திறந்த துணை டெர்மினல்களில் உங்கள் கேட் இருந்தால், பாதுகாப்புச் சோதனை முடித்து உள்ளேயே ஓடும் சின்ன ரயிலில் ஏறிப் போக வேண்டும். போர்டிங் பாஸில் கேட் எண்ணைப் பார்த்த உடனே நடையைக் கட்டுங்கள்; காபியை அங்கே போய்க் குடிக்கலாம்.

பெய்ஜிங்கிலும் இரண்டு. வடகிழக்கே தலைநகர் விமான நிலையம். தெற்கே 2019 செப்டம்பரில் திறந்த டாஷிங். டாஷிங் தியானன்மெனிலிருந்து 46 கிலோமீட்டர். விமான நிலைய விரைவு ரயில் ஊரின் தெற்குப் பகுதியிலுள்ள சாவ்சியாவ் நிலையம் வரை இருபது நிமிடத்துக்குள் கொண்டுவந்து விடும். ஆனால் பெய்ஜிங் ரொம்பப் பெரிய ஊர். நீங்கள் போக வேண்டிய இடம் வடக்கே என்றால் அங்கிருந்து இன்னொரு மணி நேரம். செங்டுவில் பழைய ஷுவாங்லியூ ஊருக்குப் பக்கம். 2021இல் வந்த தியான்ஃபூ தூரம். சந்திக்க வேண்டியவரின் முகவரியை முதலில் வரைபடத்தில் வைத்து, அப்புறம் டிக்கெட் எடுப்பது என் வழக்கம். முகவரியைச் சீன எழுத்திலேயே ஃபோனில் சேமித்து வையுங்கள். டாக்சிக்காரருக்கு ஆங்கில முகவரியால் எந்த உபயோகமும் இல்லை.

பாதுகாப்புச் சோதனையில் நம்மவர்கள் மாட்டுவது பெரும்பாலும் பவர் பேங்கால். 100 வாட்-அவர் வரை தடையில்லை. அதற்கு மேல் 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். அதையும் தாண்டினால் கிடையவே கிடையாது. 20,000 மில்லிஆம்ப்-அவர் என்றால் 74 வாட்-அவர்தான், பயமில்லை. ஆனால் 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில் '3சி' என்ற சீனத் தரச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை ஏற்ற விடுவதில்லை. சென்னையில் வாங்கி வந்ததில் அந்த முத்திரை இருக்காது. ஹாங்சோ விமான நிலையத்தில் எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவருடைய பவர் பேங்கைக் காவலர் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து பாதி தேய்ந்திருந்தது. நகத்தால் அந்த இடத்தைத் தட்டிக் காட்டிவிட்டு, மரியாதையாகவே பக்கத்தில் இருந்த பெட்டியைக் கை காட்டினார். அந்தப் பெட்டி அதற்குள் முக்கால்வாசி நிறைந்திருந்தது. இங்கே வந்ததும் முத்திரை உள்ளதாக ஒன்று வாங்கி, எழுத்து தேயாமல் மேலே செல்லோடேப் ஒட்டி வையுங்கள். லைட்டரும் தீப்பெட்டியும் கைப்பையிலும் கூடாது, உள்ளே போடும் பெட்டியிலும் கூடாது. குடையைத் தனியாக எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வார்கள்.

என் மாதிரி மெஷின் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் கைப்பையில் விட மாட்டார்கள். பெட்டியில் போட்டால் உள்நாட்டில் பொதுவாக 20 கிலோதான் இலவசம். நான் கருவிப் பையைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே கூரியரில் ஃபேக்டரிக்கு அனுப்பிவிடுவேன். இந்த நாட்டில் கூரியர் அவ்வளவு வேகம், அவ்வளவு மலிவு. நான் போய்ச் சேரும்போது பை செக்யூரிட்டி அறையில் காத்திருக்கும். நிட்டிங் ஆயில், டை கெமிக்கல் மாதிரி சாம்பிள்களை விமானத்தில் எடுத்துப் போக நினைக்கவே வேண்டாம். அவற்றை அனுப்புவது ஃபேக்டரிக்காரர்களின் வேலை. ஆபத்துப் பொருள் விதிப்படி அவர்களே தரைவழியாக அனுப்பட்டும்.

நம் பெயர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். சிலருக்கு அந்த இடம் காலியாகவே இருக்கும். சீனாவில் டிக்கெட் எடுக்கும் தளங்கள் பல, குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். ஒரு தளத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி என்று நிரப்பினால், பேங்கில் ஒரு பெயர், அரட்டைக்கும் பணம் கட்டவும் இங்கே எல்லாரும் வைத்திருக்கும் வீசாட் செயலியில் ஒரு பெயர், ரயிலில் ஒரு பெயர், விமானத்தில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். அதன் பிறகு கவுன்டருக்குக் கவுன்டர் விளக்கம் சொல்லி மாளாது. இன்னும் புறப்பட்டு வராதவர்களுக்கு நான் உரிமையோடு சொல்கிறேன்: குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொண்டு வாருங்கள். வேலை அனுமதி, தங்கும் அனுமதி, பேங்க் கணக்கு எல்லாம் அந்தப் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் அச்சாகும். பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஏற்கெனவே வந்துவிட்டவர்கள், தங்கும் அனுமதி ஸ்டிக்கரில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதை ஒரு படம் எடுத்து வைத்து, எல்லா இடத்திலும் அதே எழுத்து, அதே வரிசையில் கொடுங்கள். ஆபீசில் டிக்கெட் போடும் பெண்ணுக்கும் அந்தப் படத்தையே அனுப்புங்கள். வாயால் சொல்லாதீர்கள். அவர்களுக்கு நம் பெயர்களில் எது முதல், எது கடைசி என்று பிரித்தறிய வழியே இல்லை. அது அவர்கள் குற்றமும் இல்லை.

பாஸ்போர்ட் கையில் இல்லாத நாட்கள் என்று ஒரு காலம் வரும். வேலை விசாவில் வந்து இறங்கியதும் 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது பாஸ்போர்ட்டைக் குடிநுழைவு அலுவலகம் வாங்கி வைத்துக்கொள்ளும். 15 வேலை நாள் வரை ஆகலாம். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் இதே கதைதான். கையில் ஒரு ரசீது தருவார்கள். அதைக் காட்டி உள்நாட்டில் போய் வரலாம், ஆனால் சின்ன ஊர் ஓட்டல்களில் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தயங்குவார்கள், ரயில் கதவிலும் நேரம் பிடிக்கும். அந்த மூன்று வாரத்தில் வெளிநாட்டுப் பயணம் நடக்காது என்பது நிச்சயம். உள்ளூர்ப் பயணத்தையும் முடிந்தவரை குறைத்துக்கொள்ளுங்கள். ஊரில் கல்யாணம், காதுகுத்து என்று தேதி தெரிந்தால் புதுப்பிக்கும் தேதியை முன்கூட்டியே அதற்கேற்பத் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஃபோன் வந்த நேரத்தில் பாஸ்போர்ட் குடிநுழைவு அலுவலகத்தில் இருந்து தவித்தவர்களை எனக்குத் தெரியும். அவசரம் என்றால் அலுவலகத்தில் நேரில் போய்ச் சொல்லுங்கள், மருத்துவமனைக் காகிதத்தைக் காட்டுங்கள், அவர்களும் மனிதர்கள்தான்.

பாஸ்போர்ட்டே காலாவதியாகிப் புதிது வாங்கினால் எண் மாறிவிடும். தங்கும் அனுமதியைப் பத்து நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அதோடு ரயில் செயலி, விமானக் கம்பெனிக் கணக்குகள், சிம் கார்டு, பேங்க், பணம் கட்டும் செயலிகளான அலிபே, வீசாட் என்று ஒவ்வொன்றிலும் எண்ணை மாற்ற வேண்டும். பழைய எண்ணில் ஏற்கெனவே எடுத்து வைத்த டிக்கெட்டுகளையும் மறக்காதீர்கள். பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து திருப்பித் தருவார்கள். பேங்கில் எண் மாற்றும் வரை இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.

கணக்கு ஒப்படைக்கும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சீனாவில் சாதாரண பில் செல்லாது. 'ஃபாபியாவ்' என்ற வரி ரசீதுதான் கணக்கு. கம்பெனியின் சீனப் பெயரும் வரி எண்ணும் அதில் இருக்க வேண்டும். அந்த இரண்டையும் ஃபோனில் வைத்துக்கொண்டு, ஓட்டலில் அறையைக் காலி செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். ஊர் திரும்பியபின் கேட்டால் அலைச்சல்தான். விமானத்துக்கு முன்பு காகிதத்தில் பயணச் சீட்டு ரசீது தருவார்கள். அதற்காகவே விமான நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டும். 2024 டிசம்பரிலிருந்து அது மின் ரசீதாக மாறியது. ரயிலுக்கு அதற்கு ஒரு மாதம் முன்பே வந்துவிட்டது. இப்போது செயலியில் நாமே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பயணம் முடிந்த அன்றைக்கே எடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். இந்த நாட்டில் கணக்குப் பிரிவு ஆட்கள் ரொம்பக் கறார். ரசீது இல்லாத பணம் நம் பணம்தான்.

அக்டோபர் முதல் வாரம், சீனப் புத்தாண்டின் முன்னும் பின்னும், குவாங்சோவில் பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கும் ஏப்ரல், அக்டோபர் நாட்கள், இந்த மூன்றிலும் வேலைப் பயணம் வைக்காமல் பாருங்கள். விடுமுறையை ஈடுகட்ட முன்னோ பின்னோ ஒரு சனி, ஞாயிறில் வேலை வைப்பார்கள். ஃபேக்டரி அன்றைக்குத் திறந்திருக்கும். அது உங்களுக்குச் சாதகம்.

கடைசியாக, ஊருக்குப் போகும் வழி. 2020இன் தொடக்கத்தில் நின்றுபோன இந்திய, சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் 26 அன்று கொல்கத்தா, குவாங்சோ நடையோடுதான் மறுபடி தொடங்கின. நவம்பரில் டெல்லிக்கு ஷாங்காயிலிருந்தும் குவாங்சோவிலிருந்தும் வந்தன. நடுவில் கழிந்த அந்த வருடங்களில் எத்தனை பேர் எத்தனை நாடுகள் சுற்றி ஊர் போனார்கள், எத்தனை பேர் போக முடியாமலே போனார்கள் என்பதை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. ஆனால் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறவர்களுக்கு டெல்லி சுற்றுவதைவிட ஹாங்காங், சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு வழிதான் இன்னமும் வசதி. ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனி டிக்கெட் மலிவாகத் தெரியும்; முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை.

ஷென்சென் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஹாங்காங் வழியாகச் சென்னை போவது சுலபம். ஹாங்காங்குக்குள் கால் வைப்பதாக இருந்தால், இந்திய பாஸ்போர்ட்டுக்கு இணையத்தில் முன்பதிவு செய்து அந்தக் காகிதத்தை அச்சடித்து வைத்திருக்க வேண்டும். 2017 ஜனவரி முதல் இதுதான் முறை. அது வேண்டாம் என்றால் ஷென்செனின் ஷெகோ துறைமுகத்திலிருந்து ஹாங்காங் விமான நிலையத்துக்கே நேராகப் படகு போகிறது. சீனக் குடிநுழைவை ஷெகோவிலேயே முடித்துவிட்டு, ஹாங்காங் குடிநுழைவுக்குப் போகாமலே விமானத்தில் ஏறிவிடலாம். படகு டிக்கெட் எடுக்கும்போது விமான டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டச் சொல்வார்கள். விமானம் கிளம்புவதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் முன்னால் ஹாங்காங் பக்கம் சேருகிற படகாகப் பார்த்துப் பிடியுங்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் படகை நிறுத்திவிடுவார்கள். அந்த முன்பதிவுக் காகிதத்தையும் எடுத்து வைத்திருந்தால், அன்றைக்குச் சாலை வழியாகவே எல்லையைத் தாண்டி விமானத்தைப் பிடித்துவிடலாம்.